லாக் எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்

ஒரு டிசைன் டாக்குமென்ட் ரிவ்யூவுக்கு வந்துச்சு. நடுத்தர அளவு கம்பெனி, எல்லாமே மைக்ரோசாஃப்ட்டோட கிளவுடான அஷ்யூர்ல ஓடுது. படத்தைப் பார்த்ததும் எனக்குக் கடுப்பு ஏறிடுச்சு.

ஃபைனான்ஸுக்கு ஒரு லாக் அனலிட்டிக்ஸ் வொர்க்ஸ்பேஸ். எச்ஆருக்கு ஒண்ணு. நெட்வொர்க் டீமுக்கு ஒண்ணு. ஆப் டீம் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. செக்யூரிட்டிக்கு ஒண்ணு. இதெல்லாம் போக, ஓரத்துல பேர் எழுதாத பெட்டி ஒண்ணு.

ஏன் இத்தனைன்னு கேட்டேன்.

"அவங்கவங்க டேட்டா அவங்கவங்ககிட்ட இருந்தா நல்லதுதானே சார்?"

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா லாக் விஷயத்துல இதை என்னால ஒத்துக்கவே முடியாது. ஏன்னு விலாவாரியா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். இன்னிக்கு எழுதிடறேன்.

(அஷ்யூர் பக்கம் போகாதவங்களுக்கு: சர்வர், டேட்டாபேஸ், ஃபயர்வால், லாகின்னு எல்லாம் எழுதித் தள்ளுற லாக் வந்து சேர்ற இடம்தான் வொர்க்ஸ்பேஸ். அங்க உட்கார்ந்து கேக்யூஎல்-ங்கற மொழில கேள்வி, அதாவது கொரி, கேட்போம். எத்தனை வேணும்னாலும் உருவாக்கிக்கலாம், உருவாக்க காசு கிடையாது. உள்ள வந்து விழுற டேட்டாவுக்கு ஜிபி கணக்குல காசு. அப்புறம் எவ்வளவு நாள் வெச்சிருக்கோம்ங்கறதுக்குக் காசு.)

உருவாக்க காசு இல்லைங்கறதுதான் வம்பே. கேட்டவங்களுக்கெல்லாம் ஒண்ணு கொடுத்துடறாங்க.

இப்படிப் பிரிச்சு வெச்சா என்ன ஆகும்? நான் பார்த்த ஒரு இடத்துல நடந்ததைச் சொல்றேன், கம்பெனி பேர் வேண்டாம். பேமென்ட் பக்கம் மத்தியானத்துல மட்டும் சிலருக்கு வேலை செய்யல. எல்லாருக்கும் இல்ல, சிலருக்கு. ஆப் டீம் அவங்க வொர்க்ஸ்பேஸைத் திறந்து, "வெளில கூப்பிடற ஏபிஐ டைம்அவுட் ஆகுது, எங்க கோடு சரியாத்தான் இருக்கு"ன்னாங்க. டேட்டாபேஸ் டீம் அவங்க வொர்க்ஸ்பேஸைப் பார்த்துட்டு, "எங்ககிட்ட ஒரு பிரச்சினையும் இல்ல." நெட்வொர்க் டீம்? "ஃபயர்வால் எதையும் பிளாக் பண்ணல, டினை லாக் ஒண்ணு கூட இல்ல."

மூணு பேரும் பொய் சொல்லல. ஆளுக்கு ஒரு துண்டு பார்த்தாங்க, அவ்வளவுதான்.

ஒருத்தர் வொர்க்ஸ்பேஸை இன்னொருத்தர் பார்க்கணும்னா மெயில் போட்டு அனுமதி வாங்கணும். அதுலயே நேரம் ஓடிடுச்சு. கடைசியில எல்லா வொர்க்ஸ்பேஸையும் ஒரே கொரில யூனியன் போட்டு, நேரத்தை வெச்சு வரிசைப்படுத்திப் பார்த்தப்பதான் கதை தெரிஞ்சுது. எச்ஆர் பக்கம் ஒரு பேட்ச் ஜாப் மத்தியானம் கிளம்புது. ஊழியர்களோட செலவுப் பணத்தைத் திருப்பி அனுப்பற ஜாப். அதுவும் அதே பேமென்ட் கேட்வேக்குத்தான் போகுது. ஆயிரக்கணக்குல கனெக்ஷன் திறந்து, ஃபயர்வால்ல எஸ்நாட் போர்ட்டை (வெளிய போற கனெக்ஷனுக்கு ஃபயர்வால் ஒதுக்கற போர்ட்) காலி பண்ணிடுது.

அஷ்யூர் ஃபயர்வால்ல ஒரு பப்ளிக் ஐபிக்கு, ஒரு இன்ஸ்டன்ஸுக்கு 2,496 எஸ்நாட் போர்ட்தான். அதுவும் எல்லாரும் ஒரே சேருமிடத்துக்குப் போனா சீக்கிரம் தீர்ந்துடும். தீர்ந்தா ஃபயர்வால் 'டினை'ன்னு எழுதாது. கனெக்ஷன் உருவாகாம சும்மா தொங்கும். ஆப் பக்கம் டைம்அவுட், நெட்வொர்க் பக்கம் எல்லாம் பச்சை. எச்ஆர் ஜாப் லாக்ல 'வெற்றி'. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்காம யாராலயும் சொல்லியிருக்க முடியாது.

பிரச்சினை டீம் பிரிவு பார்த்து வர்றதில்ல. ஒரு ரிக்வெஸ்ட் லாகின்ல ஆரம்பிச்சு, ஃபயர்வால் தாண்டி, ஆப்புக்குள்ள போய், டேட்டாபேஸைத் தொட்டுட்டு வெளிய வருது. அந்த வழி முழுக்க ஒரே இடத்துல தெரியணும்.

"அதான் வொர்க்ஸ்பேஸ் தாண்டி கொரி போடலாமே, அப்புறம் என்ன?"ன்னு கேட்பீங்க. போடலாம். ஒரு கொரில 100 வொர்க்ஸ்பேஸ் வரைக்கும் சேர்க்கலாம். ஆனா நடு ராத்திரி பிரச்சினை வர்றப்ப எந்தெந்த வொர்க்ஸ்பேஸ்னு பேர் ஞாபகம் இருக்கணும், எல்லாத்துலயும் அனுமதி இருக்கணும். போன வாரம் யாரோ புதுசா ஒண்ணு உருவாக்கியிருந்தா அது கொரில இருக்காது, இல்லைங்கறது தெரியவும் தெரியாது. கிடைக்கிற பதில் பாதி பதில், ஆனா முழுப் பதில் மாதிரியே இருக்கும். எனக்கு அதுதான் பயம்.

சரி, அப்போ இவ்வளவு பேர் ஏன் பிரிக்கச் சொல்றாங்க? அதுக்கு ஒரு நியாயமான பழைய காரணம் இருக்கு.

இந்த சர்வீஸ் ஓஎம்எஸ்-ங்கற பேர்ல 2015-ல வந்தது. ஆரம்ப காலத்துல அனுமதிங்கறது வொர்க்ஸ்பேஸ் அளவுலதான். உள்ள விட்டா எல்லாத்தையும் பார்க்கலாம், இல்லன்னா எதையும் பார்க்க முடியாது. எச்ஆர் லாக்கை நெட்வொர்க் பையன் பார்க்கக் கூடாதுன்னா தனி வொர்க்ஸ்பேஸ் போடறதைத் தவிர வழியில்ல. அப்போ அப்படி டிசைன் பண்ணவங்க சரியாத்தான் பண்ணாங்க.

2019 மார்ச்சுக்குப் பிறகு உருவாக்குற வொர்க்ஸ்பேஸ்ல நிலைமை வேற. ரிசோர்ஸ் அளவு அனுமதி தானாவே இருக்கும். ஒருத்தருக்கு ஒரு விஎம் மேல ரீடர் உரிமை இருந்தா, அந்த விஎம் பக்கத்துல 'லாக்ஸ்' அழுத்தினா போதும். அந்த விஎம் எழுதின வரிகள் மட்டும் தெரியும். அது எந்த வொர்க்ஸ்பேஸ்ல கிடக்குன்னு அவருக்குத் தெரியவே வேண்டாம். ஒவ்வொரு வரியிலயும் 'இது எந்த ரிசோர்ஸ்ல இருந்து வந்தது'ங்கற ஐடி ஒரு ஃபீல்டா ஒட்டிக்கிட்டு இருக்கு, அதை வெச்சு வடிகட்டுது. இது போக டேபிள் அளவுலயும் அனுமதி கொடுக்கலாம்.

(இங்க ஒரு விஷயம் கவனிங்க. நீங்களே எழுதி அனுப்புற கஸ்டம் லாக்ல அந்த ரிசோர்ஸ் ஐடியை நிரப்பலைன்னா இந்த வடிகட்டல் வேலை செய்யாது. அந்த வரிகள் வொர்க்ஸ்பேஸ் முழுக்கப் பார்க்க உரிமை இருக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆப் டீம் "எங்க லாக்கையே காணோம்ணா"ன்னு வந்து நின்னா முதல்ல இதைப் பாருங்க.)

"அவங்க பார்க்கக் கூடாது, இவங்க பார்க்கக் கூடாது"ங்கறது பிரிக்கறதுக்குக் காரணமா இருந்த காலம் போயிடுச்சு. இன்னும் அந்தப் பழைய படத்தையே எடுத்து எடுத்து ஒட்டிக்கிட்டு இருக்கோம்.

எவ்வளவு நாள் வெச்சிருக்கணும்ங்கறதும் அப்படித்தான். "செக்யூரிட்டி லாக் ஆறு மாசம் வேணும், பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர் ஒரு மாசம் போதும், அதனால ரெண்டு வொர்க்ஸ்பேஸ்"னு இன்னமும் சொல்றாங்க. இப்போ ஒவ்வொரு டேபிளுக்கும் தனித்தனியா நாள் வைக்கலாம். கொரி போட்டு உடனே பார்க்கற மாதிரி 2 வருஷம் வரைக்கும், தூக்கி ஓரமா வைக்கறதும் சேர்த்து 12 வருஷம் வரைக்கும். அதிகமா கொட்டுற, எப்பவாவது மட்டும் பார்க்கற டீபக் லாக்கை 'பேசிக்' பிளானுக்கு மாத்திடலாம். உள்ள வர்ற விலை ரொம்பக் குறையும், பதிலுக்கு ஒவ்வொரு தடவை தேடும்போதும் அலசின ஜிபிக்குக் காசு. இதுவும் டேபிள் அளவுலதான். இதுக்காக வொர்க்ஸ்பேஸைப் பிரிக்க வேண்டாம்.

இப்போ காசு. மீட்டிங்ல எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ற இடம்.

பிரிச்சா பில் குறையும்னு நிறைய பேர் நம்பறாங்க. பொதுவா குறையாது. ஒரே ரீஜன்ல, ஒரே பிளான்ல ஒரு ஜிபிக்கு என்ன விலையோ அது எந்த வொர்க்ஸ்பேஸ்ல விழுந்தாலும் அதே விலை. பிரிச்சா கூடவும் செய்யலாம். ஒரு நாளைக்கு 100 ஜிபில ஆரம்பிச்சு கமிட்மென்ட் டியர்னு இருக்கு. "தினம் இவ்வளவு எடுத்துக்கறேன்"னு வாக்கு கொடுத்தா, முதல் படியிலயே ஏறத்தாழ 15 சதவீதம் விலை குறையும். மேல மேல போகப் போக இன்னும் குறையும். மூணு டீம், ஆளுக்கு 40 ஜிபின்னு வெச்சுக்குங்க. தனித்தனியா இருந்தா ஒருத்தரும் 100-ஐத் தொட மாட்டாங்க, மூணு பேரும் முழு விலை. சேர்ந்தா 120, தள்ளுபடி கிடைச்சுடும்.

(ஏற்கெனவே பிரிஞ்சு கிடக்கு, சேர்க்க முடியாதுன்னா டெடிகேட்டட் கிளஸ்டர்னு ஒரு வழி இருக்கு. ஒரே ரீஜன்ல இருக்கிற பல வொர்க்ஸ்பேஸை அதுல கோத்துட்டா கமிட்மென்ட்டை மொத்தமா கணக்குப் பண்ணிக்கும்.)

"ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் தனி பில் வேணும்"னு ஃபைனான்ஸ் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். ஒரு வரிக்கு எவ்வளவு அளவுக்குப் பில் போட்டாங்க, எந்த சப்ஸ்கிரிப்ஷன்ல இருந்து வந்ததுன்னு ரெண்டும் ஒவ்வொரு வரியிலயும் இருக்கு. கூட்டிப் பார்த்தா டிபார்ட்மென்ட் வாரியா கணக்கு வந்துடும். மாசக் கடைசியில ஒரு கொரி, ஒரு எக்செல்.

இதுவரைக்கும் படிச்சுட்டு "அப்போ எப்பவுமே ஒண்ணே ஒண்ணுதானா?"ன்னு கேட்டா, அப்படி நான் சொல்ல மாட்டேன். பிரிச்சே ஆகணும்னு நானே கையெழுத்துப் போடற இடங்கள் இருக்கு. அதுல முதல் இடம் சென்டினல், செக்யூரிட்டி லாக்கை அலசற சர்வீஸ்.

மைக்ரோசாஃப்ட் சென்டினலை ஒரு வொர்க்ஸ்பேஸ் மேல ஆன் பண்ணிட்டீங்கன்னா, அதுக்குள்ள வர்ற கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் சென்டினல் விலை. பந்தியில இலைக் கணக்கு மாதிரி. உட்கார்ந்தவர் முழுச் சாப்பாடு சாப்பிட்டாரா, மோர் மட்டும் குடிச்சாரான்னு யாரும் பார்க்க மாட்டாங்க, இலைக்கு இவ்வளவு. லாகின் லாக் போட்டாலும் அதே விலை, நிமிஷத்துக்கு நிமிஷம் வர்ற சிபியூ கவுண்டர் போட்டாலும் அதே விலை. கமிட்மென்ட் இல்லாத விலையில சாதா வொர்க்ஸ்பேஸோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

சிபியூ 62 சதவீதம்ங்கற வரியை வெச்சு எந்த செக்யூரிட்டி அனலிஸ்ட்டும் திருடனைப் பிடிக்கப் போறதில்ல. அதுக்கு எதுக்கு ரெட்டை விலை?

ஆபரேஷன்ஸ் லாக் தினம் 200 ஜிபி, செக்யூரிட்டி லாக் 20 ஜிபின்னு இருக்கிற இடத்துல நான் யோசிக்கவே மாட்டேன். ரெண்டாப் பிரி. செக்யூரிட்டி ஆளுங்களுக்கு எப்பவாவது ஆப் லாக் தேவைப்பட்டா ரெண்டு வொர்க்ஸ்பேஸுக்கு நடுவுல ஒரு யூனியன். ரெண்டுங்கறதால பேர் மறந்து போகாது.

ஆனா சின்ன இடம்னா கணக்கு திரும்பிடும். செக்யூரிட்டி 15 ஜிபி, ஆபரேஷன்ஸ் வெறும் 5 ஜிபின்னு வைங்க. அந்த 5 ஜிபிக்குக் கூடுதல் காசு கொடுத்துட்டு ஒண்ணாவே வெச்சுக்கலாம். சென்டினல் ஆன் ஆன வொர்க்ஸ்பேஸ்ல 90 நாள் வரைக்கும் வெச்சுக்க தனிக் காசு கிடையாது, சாதாவுல முதல் மாசம்தான் இலவசம். நடுவுல இருக்கிற இடங்கள்ல, ரெண்டையும் சேர்த்தா 100 ஜிபி டியரைத் தொடும்ங்கற இடங்கள்ல, பேப்பர்ல போட்டுப் பார்க்காம நான் வாயே திறக்க மாட்டேன். சென்டினல் டியர்லயும் தள்ளுபடி பெருசா இருக்கறதால ரெண்டு பக்கமும் ரொம்பக் கிட்ட கிட்ட வந்து நிக்கும். இந்தக் கணக்கைப் போட ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவு பண்ண மாட்டேங்கறாங்களேன்னுதான் எனக்கு ஆதங்கம்.

அடுத்தது டெவலப்மென்ட், டெஸ்ட். இதை புரொடக்ஷனோட சேர்க்காதீங்க. காரணம் டெய்லி கேப். "ஒரு நாளைக்கு இவ்வளவு ஜிபிக்கு மேல வாங்காத"ன்னு வொர்க்ஸ்பேஸுக்கு ஒரு உச்சவரம்பு வைக்கலாம், பில்லுக்குப் பயந்து நிறைய பேர் வைப்பாங்க. அதைத் தொட்டுட்டா அன்னிக்கு மிச்ச நேரம் டேட்டா உள்ள வராது. யாரோ டெஸ்ட்ல வெர்போஸ் லாக்கை ஆன் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டா, சாயங்காலமே கேப் நிறைஞ்சு, ராத்திரி முழுக்க புரொடக்ஷன் லாக் காணாமப் போகும். ஒரு இடத்துல இதை நேரா பார்த்திருக்கேன். அந்த ராத்திரி என்ன நடந்துச்சுன்னு காலைல கேட்டவங்ககிட்ட காட்ட ஒரு வரி கூட இல்ல. டெஸ்ட்டுக்குத் தனி வொர்க்ஸ்பேஸ், அதுல இறுக்கமா கேப். புரொடக்ஷன்ல கேப் வேண்டாம். 'இன்னிக்கு வழக்கத்தை விட அதிகம்'னு ஒரு அலர்ட் போதும்.

அப்புறம் சட்டம். இங்க வாதமே கிடையாது.

2022 ஏப்ரல் 28-ல அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டுச்சு. இந்தியாவுல ஐசிடி சிஸ்டம் நடத்தறவங்க லாக்கை 180 நாள் வெச்சிருக்கணும், இந்திய எல்லைக்குள்ள வெச்சிருக்கணும். குறிப்பிட்ட வகை சைபர் சம்பவம்னா 6 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும். பிறகு வந்த விளக்கத்துல, கேட்டா தகுந்த நேரத்துக்குள்ள எடுத்துக் கொடுக்க முடியும்னா வெளிநாட்டுலயும் பிரதி வெச்சுக்கலாம்னு சொன்னாங்க. பணப் பரிவர்த்தனை டேட்டாவுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல்லயே இந்தியாவுக்குள்ளதான் இருக்கணும்னு சொல்லிடுச்சு. (டெவலப்பருங்க பேமென்ட் விவரத்தை லாக்ல அச்சடிக்கறாங்களான்னு தயவுசெஞ்சு ஒரு தடவை தேடிப் பாருங்க. லாக்ல விழுந்தா அதுவும் டேட்டாதான்.)

வொர்க்ஸ்பேஸ் ஒரு ரீஜன்ல உட்காரும். உருவாக்கின பிறகு அந்த ரீஜனை மாத்தவே முடியாது. இந்தியாவுல அஷ்யூருக்கு புனேல சென்ட்ரல் இந்தியா, சென்னைல சவுத் இந்தியா, மும்பைல வெஸ்ட் இந்தியா. மூணும் 2015-ல இருந்து இருக்கு. ஐரோப்பாவுலயும் ஆபீஸ் வெச்சிருக்கிற கம்பெனின்னா அவங்க ஊழியர் லாகின் அவங்க ஊர்ல, நம்ம லாகின் நம்ம ஊர்ல. நாட்டுக்கு ஒரு வொர்க்ஸ்பேஸ். மனசார ஒத்துக்கற பிரிவினை இது.

ஆனா 'ரீஜனுக்கு ஒண்ணு'ன்னு இதைத் தப்பா நீட்டிடாதீங்க. புனேல கொஞ்சம், சென்னைல கொஞ்சம் ஓடுதுன்னா ரெண்டு வேண்டாம். டயக்னாஸ்டிக் செட்டிங் (ரிசோர்ஸ் லாக் எங்க போகணும்னு சொல்ற செட்டிங்) வழியா வேற ரீஜன் வொர்க்ஸ்பேஸுக்கு அனுப்பினா அதுக்கு நெட்வொர்க் காசு கிடையாது. விஎம்ல இருக்கிற ஏஜென்ட் அனுப்பறதுக்கு உண்டு. ஆனா சராசரி கம்பெனிக்கு அது பில்லுல கண்ணுக்கே தெரியாத தொகை.

அஷ்யூர் டெனன்ட், அதாவது கம்பெனி கணக்கே, வேற வேறன்னா தனித்தனிதான். அதுல யோசிக்க ஒண்ணுமில்ல. பல கம்பெனிக்கு சர்வீஸ் பண்றவங்க அஷ்யூர் லைட்ஹவுஸ் போட்டு எல்லாத்தையும் ஒரே திரையில பார்த்துக்கலாம்.

அந்த டிசைன் அனுப்பின கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: புரொடக்ஷன் ஆபரேஷன்ஸ் ஒண்ணு, சென்டினல் ஒண்ணு, டெஸ்ட் ஒண்ணு. மூணும் சென்ட்ரல் இந்தியால. நாலாவது வேணும்னு யார் கேட்டாலும் ஒரே வரியில காரணம் எழுதித் தரணும். 'எங்களுக்குத் தனியா இருந்தா வசதி'ங்கறது காரணம் ஆகாது.

டீம்ல ஒரு பொண்ணு, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, மீட்டிங் முடிஞ்சதும் கேட்டுச்சு: "அண்ணா, ஏற்கெனவே நாங்க உருவாக்காமலே நிறைய வொர்க்ஸ்பேஸ் கிடக்கே, அது எப்படி?" அருமையான கேள்வி. ஆப் இன்சைட்ஸ், டிஃபெண்டர் மாதிரி சர்வீஸை ஆன் பண்றப்ப நாம எதுவும் தேர்ந்தெடுக்கலைன்னா 'டிஃபால்ட் வொர்க்ஸ்பேஸ்'னு ஆரம்பிச்சு, சப்ஸ்கிரிப்ஷன் ஐடியோட, ஒண்ணு தானா முளைக்கும். யாரும் திட்டம் போட்டுப் பிரிக்கல, தானா பிரிஞ்சு கிடக்கு. அஷ்யூர் பாலிசி போட்டு, புதுசா வர்ற எந்த ரிசோர்ஸும் மத்திய வொர்க்ஸ்பேஸுக்குத்தான் அனுப்பணும்னு கட்டினா இது நிக்கும்.

ஏற்கெனவே கிடக்கறதைச் சேர்க்கறது எப்படி? பழைய டேட்டாவை ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு நகர்த்த முடியாது. அதுக்கு பட்டனே கிடையாது. நான் பண்ற முறை: ஒரு ரிசோர்ஸுக்கு 5 டயக்னாஸ்டிக் செட்டிங் வரைக்கும் வைக்கலாம், அதனால கொஞ்ச நாள் பழசுக்கும் புதுசுக்கும் ரெண்டுக்கும் அனுப்பறேன். அந்த நாட்களுக்கு ரெட்டைச் செலவுதான். ஆனா அலர்ட், டாஷ்போர்டு எல்லாம் புதுசுல சரியா வேலை செய்யுதான்னு நிதானமா பார்க்க அந்தக் காசு தகும். அப்புறம் பழைய பக்கத்தை நிறுத்திட்டு, 'யூசேஜ்' டேபிளைத் தினம் பார்க்கறேன். நாம மறந்துபோன ஏதோ ஒரு சர்வர் எங்கயோ ஒரு மூலையில இருந்து இன்னும் அனுப்பிட்டே இருக்கும், அங்க தெரிஞ்சுடும். அதுவும் நின்னதும், வெச்சிருக்க வேண்டிய 180 நாளும் ஓடட்டும். அதுக்கப்புறம் அழிக்கலாம். அழிச்சாலும் 14 நாள் வரைக்கும் மீட்டுக்கலாம். யாராவது அலறிக்கிட்டு வந்தா அந்த 14 நாளுக்குள்ள வந்துடுவாங்க.